இரண்டாம் வருடம் கேட்கப்படும் பெயர்

அன்புள்ள அப்பாவுக்கு,

இதனால் ஸ்போகேன் நகர் வாழ் பெருமக்களுக்கு அறிவிப்பது யாதெனில், எங்கள் குளியலறைக் கதவு இன்று முதல் முழுதாக மூடிக்கொள்கிறது. உங்கள் முதுகுவலி குறைந்ததா? இங்கே அனைவரும் நலம். அலாஸ்கா அம்மாவுக்குப் பணி கொடுத்தது, எனக்குப் பனி கொடுத்தது.

நேற்று மதிய உணவில் வசிலி என்ற வகுப்புப் பையனிடம் என் பெயரைச் சொல்லப் போனேன். கையை நீட்டித் தடுத்துவிட்டான்.

"சொல்லாதடா. வாத்தியார் வீட்டுப் புள்ளைங்க மே மாசம் பிளேன் ஏறிடுவீங்க. ரெண்டாவது வருஷமும் இருந்தா அப்பக் கேட்டுக்கறேன்."

"அதுவரைக்கும் என்னை என்னன்னு கூப்பிடுவ?"

"மே!"

மேசையே சிரித்தது. நானும் ஆடு மாதிரிக் கத்திக் காட்டினேன். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. நான்கு வருடத்தில் ஒன்பது ஆசிரியர்கள் வந்து போயிருக்கிறார்களாம்.

ஆரஞ்சுப் பழம் அனுப்புங்கள். நம் நாய் குரைப்பதைப் பதிவு செய்து அனுப்பும்படி தங்கை டெஸ்ஸா கேட்கிறாள். அவள் அண்ணனாகிய எனக்கும் ஆட்சேபனை இல்லை.

அம்மா இந்த மாதக் கடைசிக்குள் அடுத்த வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். "பையனுக்குப் பிடிச்சிருந்தா நானும் இங்க வேலைய விட்டுட்டு அந்தப் பள்ளிக்கூடத்துக்கே வந்துடறேன்" என்று சொன்னீர்களே. போனில் பேசினால் அடுத்த அறையில் அம்மாவுக்குக் கேட்கும், அதனால்தான் எழுதுகிறேன். தபால் விமானம் வந்துவிட்டது.

கூடைப்பந்து அணிக்கு நான்தான் கேப்டன் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். உண்மையில் நான் பலகையில் புள்ளி மாற்றுகிறவன்.

ராஜினாமா கொடுத்துவிடவில்லையே, அப்பா?

உங்கள்
ரோவன்