பிடியரிசி எடுக்காத வீடு

ஆகஸ்ட் 5

இன்று முதன்முதலாக நானே சமைத்தேன். சோறு குழைந்துவிட்டது. குழைந்தது என்பது அடக்கமான சொல். அதை எடுத்து எங்கள் ஆலயத்துச் சுவர் விரிசலில் பூசியிருந்தால் ஆண்டவரின் இரண்டாம் வருகை வரை தாங்கும். குக்கர் அடித்த விசிலில் எல்லைக்கு அப்பால் பர்மாக்காரன் மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியிருக்கும்.

தன்புயி சிரிக்கவில்லை. பக்கவாதம் என் மனைவியின் வலப்பக்கத்தையும் பேச்சையும் வாரிக்கொண்டு போனது ஜூலையில். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு இத்தனை நாளும் பக்கத்து வீடுகளில் சமைத்துக் கொண்டுவந்து ஊட்டினார்கள். இனி நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். காட்டுப்பன்றியை ஒரே அறை அறைந்து கவிழ்த்த கை இது. (பன்றி ஏற்கெனவே செத்திருந்தது என்று சொல்பவர்கள் பொறாமைக்காரர்கள்.)

குளிருக்காக அவள் கட்டிலை அடுப்புக்கு எதிரே இழுத்துப் போட்டிருக்கிறேன். அங்கிருந்து பரீட்சை மேற்பார்வையாளர் மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அரிசி கழுவும் முன் ஒரு பிடி எடுத்துக் கடவுளுக்கென்று டப்பாவில் போடவேண்டும். இந்த மலையில் உலை வைக்கிற எல்லா வீட்டிலும் உண்டு. தன்புயி ஒரு வேளைகூடத் தவறியதில்லை. நான் இன்று எடுக்கவில்லை. மறதியில்லை. எந்தக் கை அள்ளிப் போட்டதோ அந்தக் கையையே எடுத்துக்கொண்டார் அல்லவா? இனி பிடி எங்கேயிருந்து வரும்? அவரே யோசிக்கட்டும்.

ஆகஸ்ட் 6

இன்றும் எடுக்கவில்லை. இடி விழவில்லை. மழைதான்.

ஆகஸ்ட் 8

நான் உலை வைத்த நாளிலிருந்தே சோறு வேண்டாம் என்கிறாள். எங்கே என்கிறாள் — பேச்சு ஏது? கரண்டி வந்தால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறாள். தேநீர் குடிக்கிறாள். தண்ணீர் குடிக்கிறாள். சோறு என்றால் உதடு பூட்டிக்கொள்கிறது.

புகையில் காய்ந்த பன்றிக்கறியைப் பஞ்சாக வேகவைத்துச் சோற்றில் பிசைந்தேன். சோலைக் குருவி குஞ்சுக்கு ஊட்டுவதுபோல் "ஆ, ஆ" என்று கத்தினேன். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒரு ஆட்டமும் ஆடினேன். சிம்மாசனத்தில் இருக்கிற ராணிகளே இறங்கி வந்து பார்த்திருப்பார்கள். இவள் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 10

சனிக்கிழமை. பிடியரிசி சேகரிக்க ஆலயத்து மாதர் சங்கத்து சியாமி வந்தாள். முதுகில் கூடை, வாயில் வெற்றிலை. ஊரில் எல்லாரையும்போல அவளும் என்னை "பூ" என்பாள். மாமா என்று வைத்துக்கொள்ளலாம். நான் எல்லாருக்கும் மாமா.

"பூ பியாக்கா, டப்பாவைக் குடு."

"அடுத்த வாரம் சேர்த்துத் தர்றேன், போ."

"ஏன், எலி தின்னுடுச்சா?"

"எலியா? புலி! ரெண்டு புலி! வாலைப் புடிச்சுச் சுத்தி ஆத்துல எறிஞ்சேன்."

"அப்ப புலித்தோலையாவது குடு, கூடையில போட்டுக்கிறேன்" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

திரும்பிப் பார்த்தேன். தன்புயியின் கண்ணோரம் ஈரம். அடுப்புப் புகை என்று நினைத்துத் துடைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 13

நர்ஸம்மா வந்தாள். தண்ணீர் கொடுத்துப் பார்த்தாள், தொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். வெளியே அழைத்துச் சொன்னாள்: "விழுங்குறதுல குறை ஒண்ணும் தெரியல, பூ. மனசுதான் விட்டுட்டாங்க போலிருக்கு. இப்படியே போனா தாங்காது." மூக்கில் குழாய் போட மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டுமாம். மலை சரிந்து சாலை மூடிக் கிடக்கிறது.

மனசை விட்டுவிட்டாளாம். என்னை விட்டுவிட்டாளா?

அவளைத் தூக்கித் திருப்பிப் படுக்கவைத்தேன். கனமே இல்லை. மூங்கில் கூடை. காலிக்கூடை.

ஆகஸ்ட் 15

ஜெபம் செய்ய உட்கார்ந்தேன். என் ஜெபம் ஊரறிந்தது. ஜெருசலேமில் கிளம்பி, ஏழு கண்டத்தையும் ராஜாக்களையும் ஆசீர்வதித்து, கப்பல் மாலுமிகளை விசாரித்து நம்மூர் வந்து சேர்வதற்குள் கூட்டத்தில் பாதிப்பேர் தூங்கியிருப்பார்கள். இன்று ஜெருசலேமிலேயே நின்றுவிட்டேன். வாய் வரவில்லை.

அப்புறம் கத்திட்டேன். என்னதான் வேணும் உமக்கு? எழுபது வயசுக் கிழவன்கிட்ட என்ன மல்லுக்கட்டு? பலம் குடுப்பேன்னீரே, எங்க? இடுப்பு போச்சு. தூக்கம் போச்சு. அவளும் போறா. பாத்துக்கிட்டே இருக்கீரே!

ஓட்டில் மழைச் சத்தம்.

ஆகஸ்ட் 17

எழுதக் கை ஓடவில்லை. எழுதியே ஆகவேண்டும்.

சியாமி தன் வீட்டிலிருந்து இலையில் பொதிந்த சோறும் கீரைக் குழம்பும் கொண்டுவந்தாள். "சும்மா ஒரு வாய் வச்சுப் பாக்கறேன்" என்றாள். வைத்தாள். தன்புயி வாயைத் திறந்தாள்! மென்றாள், விழுங்கினாள், மறுபடி திறந்தாள். இலை காலி.

எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? ஒரு கண்ணில் சந்தோஷம், மறு கண்ணில் அவமானம். "என் சமையல் அவ்வளவு மோசமாடி?" என்று கேட்டேன்.

"மோசம்னு சொல்றது உன்னைப் புகழ்றதுக்குச் சமம், பூ" என்ற சியாமி, அடுப்பங்கரைப் பரணிலிருந்து டப்பாவைத் தானே எடுத்து ஆட்டினாள். சத்தமில்லை. ஒரு அரிசிகூட இல்லை. திறந்து பார்த்தாள். மூடிக்குள் ஒட்டடை.

கட்டிலிலிருந்து ஒரு உறுமல். ஜூலைக்குப் பிறகு அவளிடமிருந்து வந்த முதல் சத்தம். இடக்கை போர்வையை விட்டு வெளியே வந்து டப்பாவைக் காட்டியது, பிறகு குக்கரைக் காட்டியது, பிறகு என்னை.

அப்போதுதான் உறைத்தது இந்த மண்டைக்கு. அவள் முன்னாலேயே அல்லவா அரிசி கழுவினேன், இத்தனை நாளும்! கடவுளின் பங்கு எடுக்காத சோறு. அதைத் தொடமாட்டேன் என்று பட்டினி கிடந்திருக்கிறாள்.

சியாமி டப்பாவை என் கையில் வைத்தாள். கூடையை எடுத்துக்கொண்டு மெதுவாகப் போய்விட்டாள்.

நான் தன்புயியிடம் சண்டை போட்டேன். ஆமாம், நோயாளியிடம்தான். "அவரு உன்னைக் கட்டில்ல தூக்கிப் போட்டிருக்காரு. கையப் புடுங்கிக்கிட்டாரு. அவருக்கு நீ முதல் பங்கு வைக்கணுமா? செத்தாலும் வைக்கணுமா? நான் யாரு, எனக்குப் பங்கு இல்லையா? அவரோட சேந்துக்கிட்டு எனக்கு எதிரா கட்சி கட்டுறியா?"

பார்த்துக்கொண்டே இருந்தாள். கோபமில்லாத பார்வை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆகஸ்ட் 18

ஒரு பிடி எடுத்தேன். நம்பிக்கையோடு இல்லை. கடுப்போடுதான் போட்டேன். போடும்போது நம்பிக்கை இருந்ததா இல்லையா என்று அரிசிக்குத் தெரியாது.

என் குழைந்த சோற்றில் நாலு கரண்டி தின்றாள். ஐந்தாவதுக்கு முகம் சுளித்தாள். அது சமையலுக்கு. பரவாயில்லை.

ஆகஸ்ட் 29

தின்கிறாள். ஆனாலும் தேறவில்லை. எழுதி வைப்போம், பின்னால் யாரும் அற்புதம் என்று கதை கட்டாமல் இருக்க: ஒரு அற்புதமும் நடக்கவில்லை. காலில் நீர். முதுகில் புண். நான் தூக்கினால் இருவரும் சேர்ந்து விழுகிறோம். நேற்று விழுந்து தரையில் கிடந்தோம், மலையேறப் போய் வழுக்கிய காதலர்கள் மாதிரி. வாலிபர் சங்கத்துப் பையன்களைக் கூப்பிட வேண்டியிருந்தது. பன்றியை அறைந்த கதையை அவர்கள் யாரும் அன்று எடுக்கவில்லை. நல்ல பிள்ளைகள்.

செப்டம்பர் 3

அரிசி கழுவப் போனேன். எழ முடியவில்லை, இடுப்பு. உட்கார்ந்தபடியே சொன்னேன்: இந்த உலை வரைக்கும் பலம் குடும். எழுந்தேன். மாலையில் அடுத்த உலைக்கும் அதையே சொன்னேன்.

வருஷத்துக்கான பலத்தை மூட்டையாகக் கேட்டபோது ஒன்றும் வரவில்லை. ஒரு உலைக்குக் கேட்டால் வருகிறது. ஏன் இப்படிக் கஞ்சத்தனமாக அளக்கிறார்? தெரியாது. கோபம் போகவில்லை. கோபமும் ஜெபமும் ஒரே வீட்டில் இருக்கின்றன.

செப்டம்பர் 20

இடக்கையும் அசையவில்லை இன்று.

செப்டம்பர் 21

சாலையைத் திறந்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போவோமா என்று கேட்டேன். கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மாட்டேன் என்றால் அப்படித்தான். நர்ஸம்மாவும் தலையைக் குனிந்துகொண்டாள்.

செப்டம்பர் 26

இரண்டு கரண்டி. பிறகு ஒன்று. நான் இன்று ஆடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபர் 4

வீடு நிறைய ஆட்கள். நேற்றிலிருந்தே. வாலிபர்கள் மழையில் நின்று குழி வெட்டினார்கள். நான் மண்வெட்டியைப் பிடித்தேன்; "உட்காரு, பூ" என்று வாங்கிக்கொண்டார்கள். அவள் அவ்வளவு லேசு. அதற்கு அவ்வளவு பெரிய குழி எதற்கு என்று கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை. நானும் சிரிப்புக்குக் கேட்கவில்லை.

அக்டோபர் 6

துக்க வீட்டில் மாலையில் ஊரே வந்து உட்கார்ந்து பாடுவது வழக்கம். முழவு நடுவில். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் ஜெபிக்கவேண்டும். சபை மூப்பர் இன்று என்னைப் பார்த்தார்.

"முடிஞ்சா நீங்க செய்யுங்க, பூ. முடியலன்னா பரவாயில்ல."

பின்வரிசைக்காரர்கள் வசதியாகச் சாய்ந்துகொண்டார்கள். ஏழு கண்டம் அல்லவா, தேநீர் ஆறும்வரை போகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

எழுந்து நின்றேன். ஜெருசலேம் வரவில்லை. ராஜாக்கள் வரவில்லை. சொன்னேன்:

"நாளைக்குக் காலையில எழுந்திருக்கணும், அப்பா. அதுக்கு மட்டும் பலம் குடும். ஆமென்."

எல்லாரும் தலை குனிந்தபடியே இருந்தார்கள், மிச்சம் வரும் என்று. வரவில்லை. சியாமிதான் முதலில் நிமிர்ந்தாள். பிறகு யாரோ மெதுவாக முழவைத் தட்டினார்கள்.

அக்டோபர் 7

எழுந்தேன்.