மெஷின் ஓடுகிறது, ஜெரோமி

கந்தப்பளை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள ஜெரோமிக்கு,

எழுதுவதற்கே முதலில் மன்னித்துக்கொள். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ சிரிக்கலாம், அதுவும் சின்னம்மாவிடமிருந்து என்றதும் அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டதென்று பயந்தும்விடலாம். அப்படி ஒன்றும் இல்லை. அப்பா நல்ல சுகம், சீனி வருத்தம் கட்டுப்பாட்டில் இருக்கிறது, நானும் சுகம். நீயும் அங்கே லிமசோலில் சுகமாக இருக்க வேண்டுமென்று உங்கள் வீட்டு மாதாவிடமும் எங்கள் டயகம மாரியம்மனிடமும் சேர்த்தே கேட்டுக்கொள்கிறேன், இருவரில் யாருக்கு நேரம் கிடைக்கிறதோ அவர் பார்த்துக்கொள்வார். எனக்கும் போன் இருக்கிறதுதான். ஆனால் நீ பேசும்போதெல்லாம் அப்பா ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிடுகிறார், நான் பின்னால் நின்று சாப்பிட்டியா என்று கேட்கிறேன், நீ சாப்பிட்டேன் என்கிறாய், எனக்கும் அப்பாவுக்கும் கலியாணம் முடிந்ததிலிருந்து நாம் பேசியது அவ்வளவுதான். முதல் நாள் நீ என்னை அக்கா என்று கூப்பிட்டாய், அப்பா உடனே சின்னம்மான்னு சொல்லு என்றார், அதன் பிறகு நீ எப்படியும் கூப்பிடவில்லை. எட்டு வயது மூத்தவளை அப்படிச் சொல்ல யாருக்கும் வாய் வராது, அதில் எனக்கு வருத்தமில்லை. பெற்றீசியா அக்காவின் மகள் அடுத்த கிழமை சைப்பிரஸ் வருகிறாள், அவள் கையில் கொடுத்துவிடும் மிளகாய்த்தூள் பார்சலுக்குள் இதை வைக்கிறேன்.

நீ தூக்கிப் போடச் சொன்ன மெஷின் இப்போது ஓடுகிறது. அது எதற்காக இந்த வீட்டுக்கு வந்தது என்று அப்பா உனக்குச் சொல்லியிருக்க மாட்டார். எனக்கு டயகமவில், நான் படித்த அதே பள்ளிக்கூடத்தில், புவியியல் ஆசிரியை வேலை கிடைத்திருக்கிறது. எங்கள் தோட்டத்து லயத்திலிருந்து கம்பஸ் போன முதல் ஆள் நான், பட்டம் வாங்கி வந்த பிறகு எங்கள் அம்மா ஒவ்வொரு நாளும் தேயிலைக் கொழுந்து பறித்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து வேலை வந்துருச்சா என்றுதான் முதலில் கேட்பார், கேட்டுக் கேட்டுக் களைத்துத்தான் எனக்குக் கலியாணம் பேசினார். இப்போது வந்திருக்கிறது. மாத முடிவுக்குள் போய்ப் பொறுப்பேற்க வேண்டும், இல்லாவிட்டால் இன்னொரு ஆளுக்குப் போய்விடும். கந்தப்பளையிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வர முடியாத தூரம், கிழமை நாட்களில் அம்மாவோடு லயத்தில் தங்கி வெள்ளிக்கிழமை பின்னேரம் இங்கே வரலாம் என்று அப்பாவிடம் சொன்னேன். உன் அப்பாவை உனக்குத் தெரியும்தானே, கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். இந்தக் குளிர்ல பீங்கான் கழுவியே கையெல்லாம் வெடிச்சுக் கெடக்கு, இதுல வேலைக்கும் போறேங்கிற என்று என் இரண்டு கைகளையும் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். நான் ஒன்று கேட்டால் அவர் ஒரு மெஷின் வாங்கி வருவார். பிள்ளைகளுக்கு டியூஷன் கொடுக்கட்டுமா என்று கேட்டபோது துணி கழுவும் மெஷின் வந்தது. நுவரெலியாவுக்குப் போய் லைப்ரரியில் சேரட்டுமா என்றபோது பெரிய டீவி வந்தது. இந்த முறை பீங்கான் கழுவும் மெஷின்.

தோட்டத்து மேல் டிவிஷன் பழைய பங்களாவைத் திருத்தி டூரிஸ்ட்காரர்களுக்கு விடப் போகிறார்களாம், அங்கே பின்பக்க வராந்தாவில் சாரல் அடிக்கும் இடத்தில் கிடந்ததை அப்பா சொல்லி வாங்கிவிட்டார். மரக்கறி லொறியில் லீக்ஸ் மூட்டைகளுக்கு மேல் மல்லாக்கப் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். குசினியில் வைக்க வேறு இடமில்லை, பின்கதவை அடைத்தபடி நிறுத்திவிட்டார்கள், அன்றிலிருந்து நான் குப்பை கொட்டுவதற்கும் துணி காயப்போடுவதற்கும் முன்வாசலால் போய் வீட்டைச் சுற்றித்தான் வர வேண்டும். அப்பாவின் தேயிலை பெக்டரி பிட்டர் ஜீவராஜ் வந்து பைப் பூட்டினார், பிளக் மாற்றினார். சுவிட்சைப் போட்டதும் லைட் எரிந்தது, ங்ங்ங் என்று ஒரு சத்தம், தண்ணீர் ஒரு சொட்டு எடுக்கவில்லை. ஜீவராஜ் பம்பைக் கழற்றிப் பார்த்தார், பம்பில் பிழையில்லை. பட்டன்களுக்கு மேல் இருந்த எழுத்து எங்கள் ஒருவருக்கும் புரியவில்லை. டீமேக்கர் ஐயா, இது வெள்ளக்காரி, நம்ம பேச்சு வெளங்காது, மூளையும் போயிருக்கு போல என்று அப்பாவிடம் சொல்லி ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். அன்றைக்குத்தான் அப்பா உன்னிடம் கேட்டது, நீ சிரித்துக்கொண்டே அதத் தூக்கிப் போடுங்கப்பா, நான் இங்க ஹோட்டல்ல நாள் முழுக்க அதோடதான் மாரடிக்கிறேன் என்றது. போனை வைத்த பிறகு அவர் முகம் விழுந்துவிட்டது. பெக்டரியில் எந்த ரோலர் நின்றாலும் சத்தத்தை வைத்தே எங்கே பிழை என்று சொல்கிற மனிசன் அல்லவா. நான் அந்த நேரம் பார்த்து வேலையைப் பற்றி மெதுவாக எடுத்தேன். மொதல்ல இது ஓடட்டும், மத்தத அப்பறம் பேசுவோம் என்றார். மத்தது என்பது என் வேலை. நான் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் பெக்டரிக்குப் போனதும் மெஷினுக்கு முன்னால் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். எனக்கு மெஷின் ஒன்றும் தெரியாது, ஆனால் பார்த்துக்கொண்டிருக்கத் தெரியும். சுவிட்சைப் போட்டால் போதும், பட்டன் ஒன்றும் அமத்த வேண்டாம், உடனே அந்தச் சத்தம் தொடங்கியது. வெளியே போகிற குழாயைக் கையில் பிடித்துப் பார்த்தேன், அதுதான் துடித்தது. அப்படியென்றால் அது தண்ணீரை வெளியே தள்ளப் பார்க்கிறது. உள்ளே தண்ணீரே இல்லாமல் எதைத் தள்ளுகிறது? அதுதான் எனக்குக் குடைந்துகொண்டே இருந்தது. கடைசியில் அடிப்பலகையின் ஆணிகளைக் கழற்றிவிட்டு, நிலத்தில் ஒருபக்கமாகப் படுத்து, போன் வெளிச்சத்தில் பார்த்தேன். அடியில் ஒரு தகரத் தட்டு இருக்கிறது, அது நிறையப் பாசி பிடித்த தண்ணீர். லொறியில் மல்லாக்கப் படுத்து வந்தபோது உள்ளே கிடந்த பழைய தண்ணீர் எல்லாம் அங்கே இறங்கியிருக்கிறது. அதன் மேல் பஞ்சு போல லேசான ஒரு சின்ன வட்டமான ரெஜிபோம் துண்டு மிதந்துகொண்டிருந்தது, அதோடு ஒரு குட்டி சுவிட்ச். நான் அந்தத் துண்டை விரலால் கீழே அமத்தினேன், சத்தம் நின்றது. விரலை எடுத்தேன், மறுபடி ங்ங்ங். பாவம், தான் உடைந்து வீடெல்லாம் தண்ணீர் ஓடுகிறது என்று அது நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது, அதனால்தான் ஒரு சொட்டுக்கூட உள்ளே விடவில்லை. உடனே பிளக்கைப் பிடுங்கிவிட்டேன், கரண்டோடு தண்ணீரில் கைவைத்தது தெரிந்தால் அப்பா ஏசுவார், நீயும் சொல்லிவிடாதே. அப்பாவின் பழைய சாரம் ஒன்றைக் கிழித்து ஒற்றி ஒற்றி எடுத்தேன். பிறகு போட்டபோது சளசளவென்று தண்ணீர் எடுத்தது. நான் குசினியில் தனியாக நின்று கைதட்டினேன்.

ஆனால் கழுவி முடிந்து திறந்தால் பீங்கான்கள் வைத்தபடியே இருந்தன, பருப்பு காய்ந்து முன்னைவிட மோசம். உள்ளே சுற்றுகிற கையின் ஓட்டைகளில் பழைய தேசிக்காய் விதையும் முட்டைக்கோதும் அடைத்திருந்தன, ஒவ்வொன்றாக ஈர்க்குக் குச்சியால் குத்தி எடுத்தேன். பொரிக்கிற தாச்சியை நிமிர்த்தி வைத்தால் அந்தக் கை சுற்றாமல் முட்டி நிற்கிறது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. பெக்டரியில் தண்ணீர் எடுக்கும் நேரம் நம் பைப்பில் நூல் மாதிரிதான் வரும், அதனால் காலையில்தான் போட வேண்டும். எல்லாம் சரியாக வந்தது என்று சொன்னதும் அப்பாவுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. தள்ளு தள்ளு, நான் போடுறேன் என்று வந்தவர், பேசினில் பாத்திரம் கழுவும் லிக்விட்டை அரைப் போத்தல் ஊற்றிவிட்டார். கொஞ்ச நேரத்தில் கதவின் நான்கு பக்கத்தாலும் நுரை, குசினி நிறைந்து, சாப்பாட்டு மேசைக்கடியால் போய், முன்வாசல் இஸ்தோப்புப் படியிலும் இறங்கிவிட்டது. ரோட்டில் கொழுந்துக்குப் போய்க்கொண்டிருந்த ராக்காயி அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு, என்னா டீமேக்கர் ஐயா, தேயிலய விட்டுட்டு பீர் காச்சுறீங்களா என்று கேட்டார். பின்னால் வந்த பெண்கள் எல்லோரும் ஒரே சிரிப்பு. அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நுரை அடங்க உப்பை அள்ளித் தூவுகிறார், நான் விளக்குமாற்றால் தள்ளுகிறேன். உன் அப்பாவோடு நான் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான், அதையும் எழுத வேண்டும், மறைத்தால் நியாயமில்லை. இப்போது அதற்குரிய பவுடர் வாங்கிவிட்டோம், ஒழுங்காக ஓடுகிறது.

பவுடர் போட்டு ஓடிய அன்று பின்னேரம் அவர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, மெஷின்தான் ஓடுதே, மத்தது என்று கேட்டேன். கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, ஜெரோமி டிசம்பருக்கு வர்றா, வந்து எறங்குறப்ப வீட்டுல ஒரு ஆள் இருக்கணும்னு கேட்டுருக்கா, தாயில்லாத புள்ள, நான் எப்படி மாட்டேங்கிறது என்றார். டிசம்பரில் பள்ளிக்கூடம் லீவு, நான் இங்கேதான் இருப்பேன் என்றேன். டிசம்பர் மட்டுமா, அவ இங்கயே நின்னுட்டான்னா என்றார். பஸ், குளிர், பீங்கான் எல்லாவற்றுக்கும் நான் ஏதாவது வழி சொல்லலாம், உனக்கு என்ன வழி சொல்வேன். எங்கள் அம்மாவிடம் போனில் அழுதால், மாப்பிள்ள கழுவுறதுக்கும் மெஷினு தொவைக்கிறதுக்கும் மெஷினு வாங்கித் தந்துருக்காரு, இன்னும் ஒனக்கு என்னாடி வேணும் என்கிறார். ஒரு குறையும் இல்லாத வீட்டிலிருந்து எப்படி வெளியே வருவது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. காலையில் மெஷினைப் போட்டுவிட்டு அது முடியும்வரை அதன் பக்கத்தில் சும்மா நிற்கிறேன், செய்வதற்கு வேலை இல்லை.

நீ உன் உடம்பைப் பார்த்துக்கொள். சுடுதண்ணீரில் நாள் முழுக்க நிற்கிறாய், கையுறை இல்லாமல் வேலை செய்யாதே, படுக்கும்போது தேங்காய் எண்ணெய் பூசு, பார்சலில் ஒரு போத்தல் வைத்திருக்கிறேன், மூடி கசியும், நிமிர்த்தியே வை. உன் அம்மாவின் நினைவுப் பூசைக்கு அப்பாவோடு நானும் போய் மெழுகுதிரி ஏற்றினேன், பாதர் உன்னையும் விசாரித்தார். எனக்குக் குளிருக்கு ஜெர்சி ஒன்றும் அனுப்பாதே, அந்தக் காசில் நீ நல்ல சப்பாத்து வாங்கிப் போடு. ஆசீர்வாதம் சொல்ல எனக்கு வயது போதாது, ஆனாலும் நீ போகிற வழியெல்லாம் உனக்கு நல்ல மனிதர்களாகவே அமையட்டும் என்று மனதாரச் சொல்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும், இவ்வளவு எழுதியும் அதை மட்டும் தள்ளிக்கொண்டே வந்துவிட்டேன். வீட்டில் ஒரு ஆள் இருக்க வேண்டும் என்று நீ உண்மையிலேயே கேட்டாயா? கேட்டிருந்தால் எனக்கு நேராகச் சொல்லு, அது உன் வீடு, உனக்குக் கேட்க உரிமை இருக்கிறது, நான் உன்னோடுதான் பேசித் தீர்க்க வேண்டும், அப்பாவோடு அல்ல. கேட்காவிட்டால், மாதம் முடிவதற்குள் அவரிடம் சொல்லிவிடு. எனக்காகப் பேச வேண்டாம், வேலை நல்லது என்றெல்லாம் சொல்ல வேண்டாம். நான் அப்படிக் கேக்கலப்பா என்று மட்டும் சொல்லு.

இப்படிக்கு,
உன் சின்னம்மா
சுலக்ஷனா