அப்பாவின் கழுத்துப் பிரட்டு

அரவேணு,
ஆடி, 1979

அன்பு மகள் சின்னம்மைக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே மழையோடும் குளிரோடும் நாங்கள் சுகமாக இருக்கிறோம், அங்கே சிலோனில் நீயும் மருமகனும் பேரப்பிள்ளைகளும் நோய்நொடியில்லாமல் இருக்க முத்துமாரி துணை. அப்பாவுக்குக் கழுத்தில் ஆபரேஷன் என்று தெரிந்து அழுததாக எழுதியிருந்தாய், அழாதே, அவர் கழுத்து நன்றாகத்தான் இருக்கிறது, புத்திதான் கொஞ்சம் இடம் மாறிவிட்டது.

கிட்னியில் கல், கல் என்று வருஷாவருஷம் துடித்தாரே, அதற்கு மூலம் கழுத்தில் இருந்திருக்கிறது. அங்கே அரிசி அளவில் நாலு சுரப்பி உண்டாம், அதில் ஒன்று வீங்கிப்போய் எலும்பிலுள்ள சுண்ணாம்புச் சத்தையெல்லாம் இரத்தத்துக்கு இழுத்து, கிட்னியில் கல்லும் இரத்தக் குழாயில் படிவுமாகச் சேர்த்திருக்கிறது. கோயம்புத்தூர் டாக்டரம்மா அதை எடுத்துவிட்டார். கெட்டது கெட்டதுதான், மிச்சக் கிட்னியைக் காப்பாற்றலாம், குழாயும் மேற்கொண்டு இறுகாது என்று நம்பலாம் என்றார். ஆனால் மற்ற மூன்றும் இத்தனை காலம் வேலையில்லாமல் தூங்கிவிட்டன, அவை எழும்பும்வரை கால்சியம் மாத்திரை தவறக்கூடாது, தவறினால் கைகால் இழுத்துக்கொள்ளும், உயிருக்கே உலை வைக்கும் என்றும் சொன்னார்.

தூங்குகிறது என்ற சொல் உன் அப்பா காதில் விழுந்ததே, வந்தது வினை. சிலோன் தோட்டத்தில் கங்காணியாக ஆள் மேய்த்த மனுஷனாச்சே. தூங்குகிற ஆளுக்குப் பேர் போட்டுக் கூலி கொடுப்பதா, மாத்திரை கொடுத்தால் அதுகள் எப்போது எழும்பும் என்று மாத்திரையைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டார். அங்கே விடியற்காலையில் ஆளைப் பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரிக்கும் பிரட்டுக்குத் தப்படிப்பார்களே, அதேபோல் பிஸ்கட் தகரத்தைத் தட்டி, கண்ணாடி முன் நின்று தன் கழுத்தைப் பார்த்துப் பேர் கூப்பிட்டார். மருதமுத்து, அய்யாவு, இருளப்பன் என்று மூன்றுக்கும் பேர் வேறு, எல்லாம் அங்கே அவரிடம் இருந்த வேலைக்கள்ளர்கள். பக்கத்து லயத்தில் ஒரு இருளப்பன் இருக்கிறான், பாவம், தன்னைத்தான் வேலைக்குக் கூப்பிடுகிறார் என்று கம்பளியோடு ஓடிவந்து வாசலில் நின்றான்.

அந்த வாரமே தகரம் தட்டும்போது விரல்கள் கோணி இறுகிக் குச்சியை விட முடியவில்லை. ஜீப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஊசி போட்ட பிறகுதான் கை விரிந்தது. அங்கே டாக்டர் திட்டியதற்கு, மூன்று பேரும் ஸ்டிரைக் பண்ணினால் நான் என்ன செய்ய என்று கேட்கிறார். வீட்டுக்கு வந்ததும் நான் ஒன்றுதான் சொன்னேன், "நீங்க போயிட்டா நான் எந்தக் கண்ணாடி முன்னாடி நின்னு உங்க பேரக் கூப்பிடுறது." பரணிலிருந்து மாத்திரையை எடுத்து விழுங்கினார்.

இப்போது பிரஷர் இறங்கியிருக்கிறது, கல் வலி இல்லை, மாத்திரையையும் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். தூங்கிய மூன்றும் எழும்பிவிட்டதாம், தன் தகரம்தான் எழுப்பியது என்கிறார், பிரட்டு நிற்கவில்லை. நேற்று மூன்று பேரையும் கூப்பிட்டு முடித்து, சின்னம்மை என்று உன் பேரையும் கூப்பிட்டார். கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்து நின்றார். வராத ஆளுக்கு ஒருநாளும் பேர் போடாத மனுஷன், "வந்தாச்சு" என்று அவரே சொல்லிவிட்டுத் தகரத்தைக் கீழே வைத்தார்.

நீங்களும் இங்கே வந்துசேர வேண்டும், பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்க மறந்துவிடாதே. மஞ்சள் குங்குமத்தோடு நூறு வருஷம் நன்றாக இரு, பிள்ளைகளுக்கு என் முத்தம்.

இப்படிக்கு,
உன் அம்மா
தெய்வம்மா