டோட் படிக்காத கடிதங்கள்

பார்லோ க்ரீக், டாஸ்மேனியா
ஜூன் 4

என் அன்பு நரெலுக்கு,

இதை எழுதுவது தபால் நிலைய டோட் இல்லை. நான்தான். உன் அப்பா, என் சொந்தக் கையால். இந்த மூன்று வரிக்குள் ஒரு பானைத் தேநீர் தீர்ந்துவிட்டது.

எழுபத்திரண்டு வயதில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன் என்று இருபத்தொன்பதாம் தேதி, சனிக்கிழமை, ஊர்க் கூடத்தில் என்னை மேடையேற்றுகிறார்கள். ஒரு பக்கம் நானே படிக்கப் போகிறேன். நீ வந்து கேட்க வேண்டும். "உங்க பொண்ணு வந்தா கூடமே கலகலன்னு ஆயிடும், கிளைவ்" என்கிறாள் டோட்.

போன முறை போல மறுநாளே பெட்டியைத் தூக்காதே. உனக்கு இந்த வீடு பிடிக்கவில்லையோ என்று இருக்கிறது.

உன் அப்பா,
கிளைவ்


ஹோபார்ட்
ஜூன் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கோணல் எழுத்தை ஏழு முறை படித்துவிட்டேன். இத்தனை வருடமும் என் கடிதங்களை டோட் உங்களுக்கு உரக்கப் படித்தாள். அவளுக்கும் சேர்த்துத்தான் எழுதினேன்: நலம், வேலை நன்றாகப் போகிறது, எல்லோருக்கும் அன்பு. இது உங்களுக்கு மட்டும்.

எனக்கு ஆட்டிசம் இருப்பதாக மார்ச்சில் மருத்துவர் சொன்னார். பிறவியிலிருந்தே. அந்தக் கலகலப்பு நான் கற்றுக்கொண்டது, அப்பா. ஊருக்குள் வருமுன் பாலத்தருகே காரை நிறுத்தி, கண்ணாடியில் சிரித்துப் பார்ப்பேன். கேட்க வேண்டியதை மனப்பாடம் செய்வேன்: மழை, ஆடு, மூட்டுவலி. ஆட்களின் கண்ணைப் பார்க்க முடியாமல் புருவத்தைப் பார்ப்பேன். "மூஞ்சியப் பாத்துப் பேசு, நரெல்" என்று நீங்கள் அதட்டியதுதான் முதல் பாடம்.

வீடு திரும்பிய பிறகு இரண்டு நாள் இருட்டறையில் கிடப்பேன். அதற்காகத்தான் மறுநாளே ஓடுகிறேன். உங்களை விட்டு அல்ல.

கூடத்துக்கு வர என்னால் முடியாது. நீங்கள் படிப்பதைக் கேட்காமல் இருக்கவும் முடியாது. உட்கார முடியாமல் அறைக்குள் நடந்துகொண்டே இருக்கிறேன்.

உங்கள்
நரெல்


பார்லோ க்ரீக்
ஜூன் 20

என் நரெலுக்கு,

உன் கடிதத்தை நானே படித்தேன். இரண்டு நாள் ஆயிற்று. பாதியில் கோபம் வந்து விறகுப் பெட்டியில் போட்டேன். என் மகளின் சிரிப்பெல்லாம் பொய்யா என்று இருந்தது. நான் எழுந்து எழுந்து நடந்ததில் நாய்க்கும் தூக்கம் போனது. அப்புறம் எடுத்து மீதியைப் படித்தேன்.

"மூக்குக் கண்ணாடிய வீட்லயே வெச்சுட்டு வந்துட்டேன், நீயே படிச்சுச் சொல்லு." இதை ஐம்பது வருடம் சொல்லியிருக்கிறேன். என் கண்ணில் ஒரு குறையும் இல்லை. மதுக்கடைப் பலகையில் என்ன சாப்பாடு என்று படிக்கத் தெரியாமல், "பக்கத்து ஆளுக்கு என்னவோ, அதே" என்பேன். எனக்கு ஈரல் ஆகவே ஆகாது. எத்தனை தட்டு தின்றிருப்பேன். இப்படி மறைத்து மறைத்துக் களைத்த அளவு ஆட்டு மயிர் வெட்டிய நாளில்கூடக் களைத்ததில்லை. ஊரில் உன் அம்மாவுக்கும், பிறகு டோட்டுக்கும் மட்டும் தெரியும்.

அப்படிப்பட்ட நான் உன்னை அதட்டியிருக்கிறேன். மன்னித்துக்கொள்.

கூடத்துக்கு வராதே. மறுநாள், ஞாயிற்றுக்கிழமை வா. ஆட்டுக் கொட்டகையில் உனக்கு மட்டும் படிக்கிறேன். நீ என் முகத்தைப் பார்க்க வேண்டாம். நானும் காகிதத்தைவிட்டுக் கண்ணை எடுக்க மாட்டேன். எடுத்தால் வரி தப்பிவிடும்.

அப்பா


ஹோபார்ட்
ஜூலை 7

அன்புள்ள அப்பாவுக்கு,

ஆறு நாள் இருந்தேன், கவனித்தீர்களா? நீங்கள் படித்தபோது நான் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருந்தேன். நீங்கள் அதட்டாமல் படித்துக்கொண்டே போனீர்கள்.

திரும்பும் வழியில் தபால் நிலையத்தில் நின்றேன். "எப்டி இருக்கே, கண்ணு?" என்றாள் டோட். நம் ஊரில் கால் முறிந்தவனும் அதற்கு 'நல்லா இருக்கேன்' என்றுதானே சொல்வான். நான் தபால்தலைகளைப் பார்த்துக்கொண்டு, "களைப்பா இருக்கேன், டோட்" என்றேன்.

அவள் முத்திரைக் கட்டையைக் கீழே வைத்தாள். பிறகு, "நானுந்தான்" என்றாள். "வெளிய பெஞ்சு இருக்கு, வா. பேசல்லாம் வேணாம்."

பத்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். பிறகு கிளம்பினேன். பாலத்தைத் தாண்டும்போதுதான் நினைவு வந்தது. ஞாயிற்றுக்கிழமை உங்களிடம் வந்தபோது நான் அங்கே காரை நிறுத்தவே இல்லை.

உங்கள்
நரெல்