நாய் திரும்பி வந்துவிட்டதாகச் சொன்னேன்

செவ்வாய், இரவு. இருங்காட்டுக்கோட்டை.

காலை ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குள் நுழையும்போதே மலர் அறிவியல் புத்தகத்தோடு வந்து நின்றாள். மனிதன் நிலாவில் இறங்குவதற்குப் பல வருடம் முன்பே, பூமியைச் சுற்றிவர ராக்கெட்டில் ஒரு நாயை அனுப்பினார்களே, அந்தப் பாடம்.

"நாய் திரும்பி வந்துட்ச்சுன்னு நீதானேப்பா சொன்ன? கிளாஸ்ல எழுந்து சொன்னேன். எல்லாம் சிரிச்சாங்க. அது மேலயே செத்துப்போச்சாம்."

சொன்னேன்தான். அப்போது செல்வி காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அம்மா எப்போ வருவாள் என்று தினமும் கேட்கிற பிள்ளையிடம் வேறு என்ன சொல்வது? செல்வி போய் எட்டு மாதம் ஆகிறது.

"தெரியாம சொல்லிட்டேன்மா."

"அனுப்பும்போதே அவங்களுக்குத் தெரியுமாம்பா. கீழ எறக்க வழியே வெக்கலியாம்." புத்தகத்தில் இருந்த நாயின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பாவம், அதுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

முகம் கழுவுகிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

அவள் நாயைப் பற்றித்தான் கேட்டாள். எனக்குத்தான் படுக்க முடியவில்லை. செல்வி ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒரு நாள் மத்தியானம் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கையை விரித்துவிட்டார். அன்று சாயங்காலம் செல்வி கட்டிலில் சாய்ந்துகொண்டு தன் கம்பெனி சூப்பர்வைசருக்கு லீவு லெட்டர் எழுதினாள்.

"எத்தினி நாளுன்னு போட?"

"ஒரு வாரம்னு போடு."

"அவ்ளோ நாள் எதுக்கு? லைன்ல ஆள் கம்மி" என்று சொல்லி, அஞ்சு நாள் என்று எழுதினாள்.