அக்காவுக்காக நான் விட்ட ஸ்டடி லீவு

நவம்பர் 9, திங்கள்

விடாத தூறல். ஏரி ஒரே கலங்கல். தீபாவளி முடிந்தும் காலேஜுக்குப் போகவில்லை.

அக்கா சனிக்கிழமை வந்தாள், இரண்டு வருஷம் கழித்து. குஜராத்தில் அவள் இறால் உரிக்கிற கம்பெனிக்குத் தீபாவளி என்றால் பத்து நாள் மூடல். எங்கள் காலேஜுக்கு ஒரே நாள், அதுவும் ஞாயிறு. காலையில் பையைத் தூக்கினேன். "இன்னாடி, இன்னைக்கேவா?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். ஸ்டடி லீவு, வெள்ளி வரைக்கும் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அம்மா நம்பினாள். நைனா வலையைப் பிரித்துக்கொண்டே தலையாட்டினார். எனக்குப் பொய் இவ்வளவு சரளமாக வரும் என்று தெரியாது.

வியாழன் கா. 10, ஸுவாலஜி பிராக்டிகல். அதற்குள்:
– ரெக்கார்டில் ஏழு படம் பாக்கி.
– புதன் மா. 4க்குள் மேடம் கையெழுத்து. இல்லாவிட்டால் பரீட்சைக்கு உள்ளேயே விடமாட்டார்கள்.
– அனுப்பம்பட்டு தேவிக்கு போன். லேபில் என் ஜோடி. ஜுரம் என்று சொல்லியாகிவிட்டது. இரண்டாவது பொய்.

படம் ஒன்றுகூடப் போடவில்லை. அக்காவுக்குத் தலை பின்னிவிட்டேன். பாதி முடி கொட்டிப்போயிருக்கிறது.

நவம்பர் 10, செவ்வாய்

மழை இல்லை. படம் நான்கு முடிந்தது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பென்சில் சீவித் தந்தாள். இறாலுக்குப் பத்தொன்பது ஜோடி உறுப்பு என்றதும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தினம் கிலோ கிலோவாக உரிக்கிறாள், ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லையாம். அப்புறம் அவளுடைய சூப்பர்வைசர் மாதிரி இந்தியில் திட்டிக் காட்டினாள். வயிறு வலிக்கச் சிரித்தேன்.

ப்ளஸ் டூவில் அவள் மார்க் என்னைவிட அதிகம். நைனாவுக்கு இடுப்பு ஒடிந்த வருஷம் அவள் வேலைக்குப் போனாள், நான் காலேஜில் சேர்ந்தேன். வீட்டில் யாரும் இதைப் பேசுவதில்லை. சிரித்து முடித்ததும் இது ஞாபகம் வந்து ஒரு மாதிரி ஆகிவிட்டது.

நாளைக்கு ஏரியில் இறங்கணுமாம். "ஐஸ்ல செத்த இறாலையே தொட்டுத் தொட்டுக் கை மரத்துப் போச்சிடி. உசுரோட ஒண்ணு கையில துள்ளணும்" என்றாள். எப்படி முடியாது என்பது?

நவம்பர் 11, புதன்

நல்ல வெயில். மீதி மூன்று படமும் விடியற்காலையிலேயே முடித்தாயிற்று. திட்டம்: 8 முதல் 11 வரை ஏரி. குளியல். 1 மணி பஸ். 3 மணிக்கு மேடம். பலே திட்டம்.

இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவித்தான் இறால் பிடிப்பது. பிடித்ததைப் போட ஓலைப் பறி. இரண்டு கையும் தண்ணீருக்குள் இருப்பதால் பறியின் விளிம்பைப் பல்லால் கவ்விக்கொள்ள வேண்டும். அதனால் தடவும்போது பேச்சே கிடையாது. அக்கா முன்னால் போய்க்கொண்டே இருந்தாள். பதினொன்று ஆனது வெயிலில் தெரிந்தது. பன்னிரண்டு ஆனதும் தெரிந்தது. போதும் அக்கா என்று சொல்லலாம் என்றால் வாயில் பறி.

பறியை எடுக்க ஒரு கை போதும். எடுக்கவில்லை. சந்தோஷமாக இருந்தது, அதுதான் உண்மை.

கரையேறும்போது ஒன்றரை. ஓடியிருந்தால் அடுத்த பஸ் கிடைத்திருக்கும். மா. 4 மணிக்கு அக்காவுடன் உட்கார்ந்து இறால் ஆய்ந்துகொண்டிருந்தேன். தேவி ஆறு தடவை கூப்பிட்டிருக்கிறாள். எடுக்கவில்லை.

நவம்பர் 12, வியாழன்

நோட்ஸ் வாங்கப் போகிறேன் என்று சொல்லிக் கிளம்பினேன். மூன்றாவது பொய்.

மேடம் ரெக்கார்டைப் புரட்டிப் பார்த்தார். படமெல்லாம் நன்றாக வந்திருக்கிறது என்றார். "ஆனா நேத்தே லிஸ்ட் அனுப்பியாச்சும்மா. இனிமே என் கையில ஒண்ணும் இல்ல." தேவி லேப் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். ஜுரத்தில் கிடந்தவள் முகம் என்னுடையது மாதிரி வெயிலில் கறுத்தா இருக்கும்.

அரியர். முதல் அரியர். இனி ஏப்ரலில்தான்.

பன்னிரண்டு மணிக்கெல்லாம் வீடு. அக்கா இறால் தொக்கு செய்து வைத்திருந்தாள். அழுகை வரும் என்று பார்த்தேன், பசிதான் வந்தது. இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

நவம்பர் 13, வெள்ளி

மேகமூட்டம். அக்காவை ரயிலேற்றப் பொன்னேரி ஸ்டேஷன். அம்மாவும் நைனாவும் தோணிரேவுப் படகுத்துறையிலேயே நின்றுவிட்டார்கள். பெஞ்சில் நாங்கள் இரண்டு பேர், ஒரு கருவாட்டு மூட்டை. அக்கா அதன் முடிச்சை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"புதங்காலைல நீ தண்ணி புடிக்கப் போயிருந்தப்போ தேவி போன் பண்ணா. நாலு மணிக்குள்ள கையெழுத்து வாங்கலன்னா பரிட்சை இல்லன்னு உங்கிட்ட சொல்லச் சொன்னா. நான் சொல்லல."

ஏன் என்று கேட்டேன்.

"ஒரே ஒரு நாள் எங்கூட இருக்கட்டும்னுதான். நேத்து நீ பன்னண்டுக்கே திரும்பி வந்ததும் உன்னைப் பரிட்சைக்கு விடலன்னு புரிஞ்சி போச்சி. உம் படிப்புல நானே மண்ணப் போட்டுட்டேண்டி."

எனக்கு அந்தக் கெடு திங்கட்கிழமையே தெரியும். தேவி போன் பண்ணியிருக்கவே வேண்டாம். அதைச் சொல்லியிருக்கலாம், ரயில் வர இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. எனக்கு முதலில் வந்தது கோபமில்லை, நிம்மதி. பழி அவள் தலைக்குப் போய்விட்டது என்ற நிம்மதி. இதற்கே என்னைச் செருப்பால் அடிக்கலாம். பரவாயில்லைக்கா என்றேன், பெரிய மனுஷி மாதிரி. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ரயில் வந்தது.

நவம்பர் 14, சனி

மறுபடி தூறல். தேவிக்கு இன்னும் போன் செய்யவில்லை.

காலையில் அக்கா ரயிலிலிருந்து கூப்பிட்டாள். விட்டு விட்டுக் கேட்டது. தூங்கவேயில்லையாம். ஏப்ரலில் நிச்சயம் எழுத விடுவார்களா என்று இரண்டு தடவை கேட்டாள். விடுவார்கள் என்றேன். சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவள், "நீ படிச்சி முடிக்கிற வரைக்கும் நான் ஊருக்கு வரலடி. வந்தா உன்னைக் கெடுத்துடுவேன். சரியா?" என்றாள்.

சரிக்கா என்றேன்.