வளைகாப்புப் படத்து முகம்

ஆகஸ்ட் 18, ஞாயிறு
ஒன்பதாம் மாத வளைகாப்பு. எல்லோரும் சாப்பிடப் போன பிறகும் அப்பா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "உங்கம்மாவே வந்து குந்திகினு கீற மாதிரி கீதும்மா." கண் கலங்கியிருந்தது.

அம்மாவுக்கு இருப்பது அவள் வளைகாப்பில் எடுத்த ஒரே படம். நான் வயிற்றில், கை நிறைய வளையல், உப்பிய கன்னம். அப்பா அம்மாவின் கோயில் கல்யாணத்தை யாரும் படமெடுக்கவில்லை. நான் பிறந்த மூன்றாம் நாள் போய்விட்டாள். ஆவடி குவார்ட்டர்ஸில் அந்தப் படத்துக்குக் கீழேதான் வீட்டுப்பாடம் எழுதுவேன். அந்தக் கன்னம் எனக்கு வரவில்லையே என்று எவ்வளவு ஏங்கியிருப்பேன். இன்று கண்ணாடியில் வந்திருந்தது.

ஆகஸ்ட் 24
கோகுல் சோப்பு போட்டு இழுத்தும், அவன் எனக்குப் போட்ட கல்யாண மோதிரம் கழலவில்லை. தலைவலி. வெயில்தான், வேறென்ன.

ஆகஸ்ட் 26, திங்கள்
பூந்தமல்லியில் செக்கப். பிரஷர் நூற்று எழுபது. உடனே அட்மிட் ஆகச் சொல்லிவிட்டார்கள்.

"முகம் எப்பலேர்ந்து வீங்கியிருக்கு?" என்றார் டாக்டரம்மா. வீக்கமா? கோபம் வந்தது. எங்கம்மா ஜாடை என்று போனிலிருந்த படத்தைக் காட்டினேன். பெரிதாக்கி, அம்மாவின் விரல்களைப் பார்த்தார். எப்படி இறந்தார் என்று கேட்டார். பிரசவ ஜன்னி என்றேன்.

"விரலெல்லாம் வீங்கியிருக்கு பாருங்க. அவங்களுக்கும் பிரஷர் இருந்திருக்கும். யாரும் கவனிக்கல போல."

நான் ஆசைப்பட்டது வியாதியோட முகத்துக்கா? பயமா இருக்கு. பாப்பாவ பாக்காமலே போயிடுவேனோ? அம்மா, நீயும் பயந்தியா — இல்ல, ஒண்ணும் தெரியாமதான் அப்படி சிரிச்சிட்டிருந்தியா?

ஆகஸ்ட் 28
ஜன்னி வராமலிருக்க ஊசி. உடம்பெல்லாம் எரிகிறது. பிரஷர் இறங்கவில்லை. நாளை ஆபரேஷன்.

ஆகஸ்ட் 31
பெண் குழந்தை. ரொம்பச் சின்னது. கண்ணாடிப் பெட்டிக்குள் தானாக மூச்சு விடுகிறாள். எனக்கு இன்று மூன்றாம் நாள். அப்பா வார்டு வாசலை விட்டு நகரவில்லை, சாப்பிடவும் இல்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு
பாப்பாவும் வீட்டுக்கு வந்தாயிற்று. மாத்திரை இன்னும் தொடர்கிறது. உடம்பில் நீரெல்லாம் வடிந்து, கன்னம் ஒட்டி எலும்பு தெரிகிறது. அம்மா ஜாடை போய்விட்டதே என்று, இவ்வளவுக்கும் பிறகு, ஒரு வருத்தம்.

டீ கொண்டுவந்த அப்பா அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னாப்பா?"

"கல்யாணத்தன்னிக்கு உங்கம்மா இப்டிதாம்மா இருந்தா. ஒல்லியா, தாடை எலும்பு தெரிய. அந்தப் படத்தையே பாத்துகினு இருந்ததுல எனக்கே மறந்து பூட்ச்சி."

கண்ணாடியை எடுத்து வரச் சொன்னேன்.